காட்டில் பழகிய மூளையும் கையில் இருக்கும் போனும்

இலங்கையில் பாடசாலைக்குப் போன எவரும் பலாங்கொடை என்ற பெயரை முதலில் வரலாற்றுப் பாடத்தில்தான் சந்தித்திருப்பார்கள். சப்ரகமுவ மலைப்பகுதியில் கிடைத்த மனித எலும்புகளை வைத்துத் தொல்லுயிரியல் அறிஞர் போல் தெரணியகல 'பலாங்கொடை மனிதன்' என்று பெயர் சூட்டினார். குருவிட்டவுக்கு அருகில் உள்ள பட்டதொம்ப குகையில் கிடைத்த எச்சங்கள் ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் பழையவை. பக்கத்து மாவட்டமான களுத்துறையின் பாஹியன் குகையில், 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அம்பு முனைகளாகப் பயன்பட்ட எலும்புக் கருவிகள் அகப்பட்டிருக்கின்றன. அந்த மக்களுக்குக் குரங்கும் அணிலும்தான் முக்கிய இரை. அடர்ந்த மழைக்காட்டில், மர உச்சியில் தாவி ஓடும் சிறு பிராணியைக் குறிபார்த்து வீழ்த்தியவர்கள் அவர்கள்.

இலை ஒன்று அசைந்தால் அந்தக் கணமே தலையைத் திருப்பாதவனுக்கு அந்தக் காட்டில் சாப்பாடு கிடைத்திருக்காது. சுள்ளி முறியும் சத்தத்தைப் பொருட்படுத்தாதவன் சிறுத்தைக்குச் சாப்பாடாகியிருப்பான். புதிதாக ஏதாவது சத்தமோ அசைவோ வந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பும் இந்த அனிச்சையை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாய்களிடம் கவனித்து எழுதினார். யோசித்து முடிவெடுத்து நடப்பதில்லை இது. மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம் நோரட்ரினலினைப் பாய்ச்சி, மூளை முழுவதையும் ஒரு நொடிக்குள் உசுப்பிவிடுகிறது. முடிவெடுக்கும் முன்மூளை யோசித்து முடிக்கும் முன்பே கண் திரும்பிவிடும்.

அந்த வேட்டைக்காரருக்கும், பலாங்கொடை பஸ் நிலையத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கும் இளைஞருக்கும் மூளையின் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். மாறியது காடு மட்டும். காட்டில் எப்போதாவது ஒரு சுள்ளி முறியும். சட்டைப்பைக்குள் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை முறிகிறது. அந்தச் சத்தத்தை வடிவமைத்தவர்கள், எந்த ஒலிக்கும் எந்தச் சிவப்புப் புள்ளிக்கும் நாம் திரும்புவோம் என்பதை அளந்து பார்த்தே வைத்திருக்கிறார்கள். கவனம் சிதறுகிறது என்று பிள்ளைகளைத் திட்டும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். சிதறுவது ஒழுக்கக்கேடும் இல்லை, நோயும் இல்லை. நம்மை உயிரோடு வைத்திருந்த ஒரு திறமையை இன்று வேறு யாரோ வாடகை இல்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்கள் கவனம் தேவைப்படும் ஒரு வேலையைக் கணினியில் செய்துகொண்டிருந்தார்கள். நடுவே சிலருடைய போனுக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ போனது. அவர்கள் போனை எடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. வந்தது என்று தெரிந்ததோடு சரி. அதற்கே தவறுகள் கணிசமாகக் கூடின. அந்தச் சரிவு, போனை உண்மையிலேயே பயன்படுத்துபவர்களிடம் காணப்படும் சரிவுக்கு ஒப்பாக இருந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த குளோரியா மார்க், மக்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். பிந்திய ஆண்டுகளில் அது 47 விநாடி.

இதற்கு நகரத்து நிபுணர்கள் சொல்லும் மருந்து எளிது: போனை அணைத்துவிடுங்கள். தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார், அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் யாருக்கும் தெரியாது. அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பிள்ளைக்கு அந்த வாட்ஸ்அப் அழைப்புத்தான் தாயின் முகம். கொரோனா காலத்தில் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்து பாடம் படித்த மலையகப் பிள்ளைகளுக்குப் போன்தான் வகுப்பறையாகவும் இருந்தது. அணைத்துவிடு என்ற அறிவுரை அந்த வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. சத்தம் இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு கவனத்தைப் பழக்க முடியுமா?

சத்தத்தை விட்டு விலகிப் போனவர்கள் இந்த ஊர்ப்பக்கமே இருந்தார்கள். பலாங்கொடையிலிருந்து கல்தொட்ட போகும் வழியில், மலை முடிந்து உலர்ந்த சமவெளி தொடங்கும் விளிம்பில் கூரகல பாறை நிற்கிறது. அங்குள்ள குகைகளில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே பௌத்தத் துறவிகளுக்கு அவை வழங்கப்பட்டிருந்தன. அதே பாறை முஸ்லிம் மக்களுக்குத் தப்தர் ஜெய்லானி. பக்தாதின் சூபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி இங்கே தனிமையில் தங்கித் தியானித்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இடம் யாருக்கு உரியது என்ற பிணக்கு அண்மைய ஆண்டுகளில் பலருடைய மனத்தைப் புண்படுத்தியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமே மிஞ்சுகிறது. இரு மரபுகளும் அந்தப் பாறையை நாடியது ஒரே காரணத்துக்குத்தான். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து மனத்தைப் பார்ப்பதற்கு.

குகைக்குள் போனவர்கள் கண்டுபிடித்த முதல் விஷயம், வெளிச்சத்தம் நின்றால் உள்சத்தம் தொடங்கும் என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இது தெரியும். நரம்பியல் இதை வந்தடைந்தது மிக அண்மையில். 2001இல் மார்கஸ் ரெய்க்லும் சக ஆய்வாளர்களும், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கும்போது மூளையின் சில பகுதிகள் குறிப்பாக மும்முரமாக இயங்குவதை விவரித்தார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒரு பகுதி, தலையின் பின்புறம் உள்ளே ஒரு பகுதி, இன்னும் சில. இவற்றின் கூட்டு இயக்கத்துக்கு இயல்புநிலை வலையமைப்பு என்று பெயர். நேற்று அவர் சொன்னது, நாளைக்குக் கட்ட வேண்டிய கடன், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று தன்னைச் சுற்றியே ஓடும் எண்ணங்களுக்கு இதுவே களம். வெளியே வேலை இல்லாவிட்டால் மூளை ஓய்வதில்லை. தன் கதையைத் தானே ஓட்டிப் பார்க்கிறது.

எவ்வளவு நேரம்? 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் போன் வழியாகவே கேட்டார்கள். எதிர்பாராத நேரங்களில் போன் ஒலிக்கும்: இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள்? விடைகளில் 46.9 சதவீதத்தில், செய்யும் வேலையில் மனம் இருக்கவில்லை. மனம் அலைந்த நேரங்களில் மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். எந்த வேலை செய்கிறார்கள் என்பதைவிட, மனம் எங்கே இருக்கிறது என்பதே அவர்களுடைய மகிழ்ச்சியோடு அதிகம் தொடர்புபட்டிருந்தது.

இந்த அறிவியல் ஆய்வுகளுக்கெல்லாம் முன்பாகத் தியானம் மேலைநாட்டுக்குப் போன ஒரு பாதை இலங்கை வழியாகவே போகிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியில் பிறந்து 1936இல் இங்கு வந்து துறவியான ஞானபோனிக தேரர், பர்மாவில் மகாசி சயாதோவிடம் பயின்று திரும்பி, சதிபட்டானம் எனப்படும் பௌத்தத் தியான முறையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954இல் வெளியானது. மனத்தில் வருவதை வெட்டாமல் ஒட்டாமல் வெறுமனே கவனிப்பது என்ற கருத்தை மேலைநாட்டு வாசகர்களுக்குத் தெளிவாகக் கொண்டுபோனது அதுவே. 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கிய ஜோன் கபட்-சின் அந்த மரபில் வந்தவர். பலாங்கொடையின் பிள்ளையான ஆனந்த மைத்ரேய தேரர், 1896இல் பிறந்து நூறு வயதைக் கடந்து 1998வரை வாழ்ந்தவர், படிப்பையும் தியானத்தையும் பிரிக்காமல் நடத்திய பேரறிஞர். கடைசிக் காலம்வரை பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று ஒரு செயலியில் மாதச் சந்தாவுக்கு விற்கப்படும் பயிற்சி, இந்த மலைநாட்டு மடங்களிலும் இலவசமாகச் சொல்லித் தரப்பட்டது.

சரி, தியானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை 2012இல் வந்தது. அத்லாந்தா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப், தியானத்தில் பழகிய 14 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தார். வேலை இதுதான்: இருபது நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். மனம் வேறெங்கோ போய்விட்டது என்று எப்போது தெரிகிறதோ அப்போது கையில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். பிறகு மூச்சுக்குத் திரும்புங்கள். பழகியவர்கள்தானே, அமைதியாகக் கிடந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்களும் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினார்கள்.

பொத்தான் அழுத்தப்பட்ட கணத்தை நடுவில் வைத்து, ஆய்வாளர் அதற்கு முன்னும் பின்னும் சில விநாடிகளைப் பிரித்துப் பார்த்தார். அழுத்துவதற்குச் சற்று முன், மனம் அலைந்த நேரத்தில், இயல்புநிலை வலையமைப்பின் பகுதிகள் இயங்கின. 'போய்விட்டேன்' என்று தெரிந்த அந்தக் கணத்தில் வேறொரு கூட்டம் எழுந்தது. காதுக்கு உட்பக்கமாக மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் முன் இன்சுலா அதில் முக்கியமானது. உடலின் உள்நிலையையும், கவனிக்க வேண்டியது எது என்பதையும் நமக்கு உணர்த்தும் பகுதி அது. அதற்கடுத்த சில விநாடிகளில் நெற்றியின் பக்கவாட்டுப் பகுதியும் உச்சிப் பகுதியும் சேர்ந்து கவனத்தைப் பிடித்து இழுத்து மூச்சில் வைத்தன. பிறகு கொஞ்ச நேரம் அங்கே நின்றது. மறுபடி அலைந்தது.

அலைதல், தெரிதல், திரும்புதல், நிற்றல். தியானம் என்பது இந்த முழு வட்டமும். நான்காவதை மட்டும் தியானம் என்று நினைத்து, முதலாவது வந்ததும் 'எனக்கு இது சரிவராது' என்று எழுந்துவிடுபவர்கள்தான் அதிகம். தேயிலைச் செடியில் ஏழெட்டு நாளில் கொழுந்து மறுபடி வந்துவிட்டதே என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கோபப்படுவதில்லை. வருவதால்தான் அங்கே வேலை இருக்கிறது. எண்ணம் தளிர்ப்பதும் அப்படியே. மனம் நூறு முறை போனால், நூறு முறை 'தெரிதல்' என்ற கணம் கிடைக்கிறது. பழக்கப்பட வேண்டியது அந்தக் கணம். அலையாத மனம் யாருக்கும் வாய்ப்பதில்லை. போனதை ஐந்து நிமிடம் கழித்துத் தெரிந்துகொள்வதற்கும் ஐந்து விநாடியில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசமே பயிற்சியின் பலன்.

இந்தப் பலன் தியான ஆசனத்துக்கு வெளியேயும் வருகிறதா என்பதையும் அளந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளிபர்ட் சரோனின் குழு, மூன்று மாதத் தியான முகாம் ஒன்றைப் பின்தொடர்ந்தது. நாளுக்கு ஐந்து மணி நேரம் அளவுக்குப் பயிற்சி. திரையில் மின்னி மறையும் கோடுகளில் எது சற்றுக் குட்டையானது என்று அரை மணி நேரம் விடாமல் கண்டுபிடிக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலை. எந்த மனிதருக்கும் நேரம் போகப்போகத் தவறு கூடும். பயிற்சி பெற்றவர்களுக்கு மிக நுண்ணிய வேறுபாடும் புலப்பட்டது, நேரத்தோடு வரும் சரிவும் குறைந்தது. 2010இல் வெளியான முடிவு இது. ஏழு ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோதும், பயிற்சியைத் தொடர்ந்தவர்களிடம் பலனில் ஒரு பங்கு நின்றிருந்தது.

மூன்று மாதம் முகாமுக்குப் போக யாரால் முடியும்? 2013இல் மைக்கேல் ம்ராசெக் செய்த சிறிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இரண்டே வாரம் பயிற்சி, வகுப்புகளோடு வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம். அவர்களுடைய வாசிப்புப் பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்தன. முன்பு அதிகம் மனம் அலைந்தவர்களுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரே அறையில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டே இந்த முடிவை நான் வாசித்தேன்.

மூச்சை ஏன் கவனிக்கச் சொல்கிறார்கள்? எப்போதும் கூடவே இருக்கிறது, காசு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று உடலியல். இதயத் துடிப்பு, செரிமானம் போன்றவை நம் சொல் கேட்பதில்லை. மூச்சு மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்தது: தானாகவும் ஓடும், சொன்னாலும் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால், இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் செல்வாக்கு கூடுகிறது. பதற்றம் தணிவதற்கு உடல் வைத்திருக்கும் கதவு அது.

2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி ஒரு அழகான அளவீடு செய்தார். 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலையையும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும் சொல்லவைத்தார். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே ஓடும் பத்து விநாடி அலையோடு அந்தத் தாளம் பொருந்தியது. அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. ஜெபமாலை அரேபியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்திருக்கலாம், அதன் வேர் இந்திய யோக மரபில் இருக்கலாம் என்றும் அந்தக் கட்டுரையே சொல்கிறது. பலாங்கொடை நகரில் விகாரை, பள்ளிவாசல், கோவில், தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பிரித் ஓதுபவரும், தஸ்பீஹ் மணியை உருட்டித் திக்ர் செய்பவரும், மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனையில் ஒரு வரியை நீட்டிப் பாடுபவரும் மூச்சை மெதுவாக வெளியே விட்டே ஆக வேண்டும். தனியாகக் கண்ணை மூடி உட்காருவது கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஜெபத்திலிருந்தே தொடங்குங்கள்.

செய்யும் முறையில் மர்மம் ஏதும் இல்லை. முதுகு நிமிர்ந்திருக்கும்படி உட்காருங்கள். நாற்காலி, கட்டில் விளிம்பு, பஸ் இருக்கை எதுவானாலும் சரி. மூக்கு நுனியிலோ வயிற்றிலோ மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சை மாற்ற வேண்டாம். மனம் போகும். போனது தெரிந்ததும், 'யோசனை' என்று மனத்துக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சுக்கு வாருங்கள். திட்டிக்கொண்டு வராதீர்கள். திட்டுவதும் இன்னொரு யோசனை. பத்து நிமிடம் போதும், முதல் வாரத்தில் ஐந்து. லயத்து அறையில் தனி இடம் கிடைக்காது. காலைப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போகும் முன் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம் கிடைக்கும். போனுக்கும் ஒரு வழி உண்டு: அம்மாவுக்கும் வீட்டாருக்கும் ஒரு தனி ஒலியை வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் ஊமையாக்குங்கள். அந்த ஒலி கேட்டால் எழுந்து போகலாம். கேட்காதவரை, சட்டைப்பையில் சுள்ளி முறியவில்லை என்று மூளைக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் கடுமையாக இருக்க விரும்புகிறேன். கொழுந்து பறிப்பதே ஒரு தியானம் என்று மலைநாட்டுக்கு வரும் விருந்தாளிகள் படம் எடுத்துப் போட்டு எழுதுகிறார்கள். அந்தக் கைகளை அருகில் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கிறது என்று கண் காட்டுவதற்குள் விரல் கிள்ளிவிடும், உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்துவிடும். பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த அபாரமான திறமை. ஆனால் இவ்வளவு பழகிய வேலைக்கு முன்மூளை அதிகம் தேவைப்படுவதில்லை, மனம் தாராளமாக அலையலாம். அலையும் இடமும் இனிமையானதாக இருப்பதில்லை: இன்றைக்கு நிறுவையில் கிலோ நிறையுமா, அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்டுவிடுவார்களா, காலில் ஏறும் அட்டை, புதருக்குள் குளவிக்கூடு, அடகில் இருக்கும் நகை. அதைத் தியானம் என்று பெயரிட்டு அழைப்பது உழைப்பவருக்குச் செய்யும் அநியாயம். குறைந்த கூலிக்கும் ஒழுகும் கூரைக்கும் மூச்சைக் கவனிப்பது தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருத்துவம் குறித்த வாக்குறுதிகளையும் அளந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். 2014இல் 47 ஆய்வுகளையும் 3,515 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறிய அல்லது மிதமான அளவுக்குப் பலன் தெரிந்தது. வேறு சிகிச்சைகளை விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எட்டு வாரத்தில் மூளை தடிக்கும் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் எழுதின. 2022இல் விஸ்கான்சினில் இருநூறுக்கு மேற்பட்டவர்களை வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வில் அப்படி எந்த உருமாற்றமும் தென்படவில்லை. இயக்கம் மாறுவதற்கு உருவம் மாற வேண்டும் என்றும் இல்லை. இன்னொன்று: 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தியானம் செய்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குப் பதற்றமோ சோர்வோ போன்ற பாதகமான அனுபவம் நேர்ந்ததாகக் காட்டியது. பெரும் இழப்பையோ வன்முறையையோ கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடினால் பழைய காட்சிகள் கிளம்பலாம். அப்படி நேர்ந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து நடந்து காலடியைக் கவனியுங்கள், தனியே மல்லுக்கட்டாமல் வைத்தியரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

நான் மேலே சொன்ன ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளும் பல்கலைக்கழக மாணவர்களும். பலாங்கொடைக்கு அருகே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது, இரத்தினபுரியில் அதன் மருத்துவ பீடமும் இருக்கிறது. சுற்றிலும் தோட்டப் பாடசாலைகள். ம்ராசெக்கின் இரண்டு வாரப் பயிற்சிக்கு எம்.ஆர்.ஐ. கருவி தேவையில்லை. ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பறை, தமிழில் எழுதிய ஒரு வாசிப்புத் தேர்வு, பயிற்சி பெறாத இன்னொரு வகுப்பு ஒப்பீட்டுக்கு, பெற்றோரின் சம்மதம். பஜனையோடு தொடங்கும் குழுவுக்கும் மூச்சை மட்டும் கவனிக்கும் குழுவுக்கும் வித்தியாசம் உண்டா என்றும் அதிலேயே பார்த்துவிடலாம். சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதைத் தொடங்க, ஒரு தவணைக் காலமே போதும்.